சமாதானம் என்ற சொல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் கீழே கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். ஒரு தம்பி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முப்பத்து மூன்று வயது. வீவக வீட்டுக் கடன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஒரு வயதில் மகள். வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்து பதினொரு வாரம் ஆகிறது.

வேலை போனதைவிட அவரை வாட்டியது வேறொன்று. பட்டியலில் இவர் பெயரைச் சேர்த்தவர் இவருடைய மேலாளர். ஐந்து ஆண்டு ஒரே மேசையில் மதிய உணவு சாப்பிட்டவர்கள். முந்தின நாள்கூட அவர் சிரித்துப் பேசியிருக்கிறார்.

"அங்கிள், எனக்கு ஜெபம் பண்ணவே பயமா இருக்கு. கண்ணை மூடினா அந்த மனுஷன் முகம்தான் வருது. பாஸ்டர் சமாதானம் சமாதானம்னு பிரசங்கம் பண்றாரு. எனக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் தூக்கம் வரல."

"கர்த்தர் பார்த்துக்கொள்வார் தம்பி" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வேலை போன வீட்டுக்கு அதைச் சொல்ல ஏற்கெனவே பத்துப் பேர் வந்து போயிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை காலை தோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்கு வரச் சொன்னேன்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆர்ச்சர்ட் ரோட்டின் தொடக்கத்தில் ஒய்எம்சிஏ கட்டடம் இருக்கிறது. இப்போது நிற்பது புதியது. ஜப்பானியர் காலத்தில் அதே இடத்தில் இருந்த பழைய கட்டடம் கெம்பெய்தாய் என்ற ராணுவக் காவல் படையின் கையில் இருந்தது. வெளியே நினைவுக் கல் ஒன்று உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து கடைக்குப் போகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போனேன்.

1943 செப்டம்பர் மாதக் கடைசியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து ரகசியமாக வந்த ஒரு சிறு படை சிறு படகுகளில் புகுந்து வைத்த வெடிகள் அவை. சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பொதுமக்கள்தான் தகவல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஜப்பானியர் நினைத்தார்கள். சிறையில் இருந்தவர்களுக்கோ ஒன்றுமே தெரியாது. அக்டோபர் 10ஆம் தேதி தேடுதல் தொடங்கியது. 57 பேர் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் 15 பேர் உயிரோடு மீளவில்லை.

அந்த 57 பேரில் ஒருவர் லியோனர்ட் வில்சன், சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர். சிங்கப்பூர் விழுந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் அவர் வெளியே இருந்து சபையை நடத்தினார். அதற்கு உதவியவர் ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரி. அவரும் ஒரு கிறிஸ்தவர். 1943 மார்ச்சில் வில்சன் சாங்கிக்குப் போக நேர்ந்தபோது, சபையின் பொறுப்பை உள்ளூர்ப் போதகர்களிடம் விட்டுச் சென்றார். அவர்களில் டி.டி. செல்லையாவும் ஒருவர்.

கெம்பெய்தாய் அறைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் விரிவாக எழுத மனம் வரவில்லை. சின்ன அறையில் கூட்டமாக அடைத்திருந்தார்கள். காலையிலிருந்து இரவு வரை குந்தியே இருக்க வேண்டும், பேசக்கூடாது. இரவு முழுவதும் விளக்கு எரியும். தண்ணீர் என்றால் அறையிலிருந்த கழிப்பறைத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கொண்டே வில்சன் ஒரு சீனக் கைதிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

1946இல் பிபிசி வானொலியில் பேசியபோது அவர் ஒன்றை ஒத்துக்கொண்டார். முதல் முறை அடிபட்ட பிறகு, தைரியம் கொடு என்று கடவுளிடம் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்ததாம். தைரியத்தைக் காட்ட இன்னொரு வாய்ப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்!

இதைச் சொன்னதும் தம்பி நின்றுவிட்டார். "பிஷப்பா அப்படிச் சொன்னாரு?"

ஆமாம், பிஷப்தான். பயந்தவர், அதை வானொலியில் சொல்லவும் வெட்கப்படாதவர். வாய்விட்டுக் கேட்க முடியாத அந்த ஜெபமும் உள்ளே இருந்துகொண்டுதான் இருந்தது என்பது அவர் நினைப்பு. உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று அடித்தவர்கள் கேட்டபோது, காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார் என்று பதில் சொல்லியிருக்கிறார். வலியை எடுத்துவிட்டு அல்ல, அதைத் தாங்குகிற மனதைக் கொடுத்து.

வில்சனுக்கு வலியைவிடக் கடினமாக இருந்தது அடிக்கிறவர்களின் முகம். கொடூரமான முகங்கள், அதில் சிலருக்கு அடிப்பதில் இன்பம். அவர்களை எப்படி நேசிப்பது? அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாராம். குழந்தையை வெறுப்பது யாருக்கும் எளிதல்ல. அதுவும் போதவில்லை, கிறிஸ்துவால் மாறிய பிறகு அவர்கள் எப்படி இருப்பார்கள் என்றும் நினைத்துப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். போருக்குப் பிறகு, அடித்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவராகி, வில்சனின் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார்.

அதே கட்டடத்தில் ஏறக்குறைய 200 நாள் வதைபட்ட எலிசபெத் சோய் அம்மையாரும் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்தான். தம்மை வதைத்தவர்களுக்குத் தண்டனை கேட்க அவர் மறுத்துவிட்டார். போர் இல்லையென்றால் அவர்களும் நம்மைப் போன்றவர்கள் என்பது அவர் கட்சி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1946இல் நீதிமன்றம் கூடியது, வதைத்தவர்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தது. மன்னிப்பு என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யாரும் நினைக்க வேண்டாம். தம்பியிடமும் சொன்னேன், ஆட்குறைப்பு இழப்பீட்டில் குறை இருந்தால் மனிதவள அமைச்சிடம் கேளுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. தூக்கம் வராமல் வாரக்கணக்காகிறது என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். ஜெபமும் மருத்துவரும் பகையாளிகள் அல்ல.

பிறகு ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். 'சமாதானம்' என்ற சொல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. கோயிலில் தினமும் சொல்வதால் அதன் பொருள் நமக்குத் தேய்ந்துவிட்டது. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறோம். சண்டை போட்ட அண்ணன் தம்பியைச் சமாதானம் செய்து வைக்கிறோம். தாமதமாக வந்தவன் ஏதோ ஒரு சமாதானம் சொல்கிறான். மூன்றிலும் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். கதவைச் சாத்திவிட்டுத் தனியே உட்கார்ந்தால் கிடைப்பது அமைதி. அதுவும் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேதம் பேசுகிற சமாதானம் தனி அறையில் முடிகிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவால் அளக்க முடியாத தேவ சமாதானத்தைப் பற்றி அவர் சொல்லும் இடம் அது. துக்க வீட்டிலும் மருத்துவமனையிலும் நாங்கள் அதைத்தான் வாசிப்போம். அதற்குச் சில வரிகள் முன்னால் என்ன இருக்கிறது என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். சபைக்கு உழைத்தவர்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. சிறையில் இருக்கிற பவுல், பெயரைச் சொல்லியே இருவரையும் ஒருமனப்படச் சொல்கிறார். அந்தச் சங்கடமான விஷயத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் சமாதானத்துக்கு வருகிறார்.

தம்பி கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"அப்ப நான் அவருக்காக ஜெபம் பண்ணணுமா அங்கிள்?"

"இப்ப முடியுமா?"

"முடியாது."

"அப்ப முடியலைன்னு அதையே கர்த்தர்கிட்ட சொல்லுங்க. வில்சனுக்கும் ஒரு நாளில் வந்துவிடவில்லை."

இந்தப் பத்தியைப் படிக்கிற பலர் வேறு சமயத்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். பெயர்கள் மாறலாம், ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு முகம் வந்து நிற்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மேலாளர் முகம், கடனைத் திருப்பித் தராத மைத்துனர் முகம், சொத்துப் பாகத்தில் ஏமாற்றிய அக்கா முகம்.

தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இரண்டு நேர்காணலுக்குப் போய் வந்திருக்கிறார். மருத்துவரையும் பார்த்தார், இப்போது ஒரு மணிக்குள் தூங்கிவிடுகிறாராம். போன ஞாயிறு கோப்பி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார்.

"அங்கிள், அந்தக் குழந்தை விஷயத்தை முயற்சி பண்ணிப் பார்த்தேன். அவரைக் குழந்தையா நினைக்கவே முடியல. மீசையோடதான் வர்றாரு."

இருவரும் சிரித்துவிட்டோம்.

"ஆனா வாட்ஸ்அப்ல அவர அன்பிளாக் பண்ணிட்டேன்" என்றார்.