கரும்புச் சாற்றை அளக்க வருமா ஒளிச் சில்லு?

உள்நாட்டில் சில்லு உற்பத்தியைப் பெருக்க 2021 டிசம்பரில் மத்திய அரசு ரூ.76,000 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மின்சாரத்துக்குப் பதில் ஒளியைச் செலுத்தி வேலை செய்யும் சிலிக்கான் ஒளிச் சில்லு ஆய்வு சென்னை ஐ.ஐ.டி.யிலும் நடக்கிறது. திரவத்தின் ஒளிவிலகல் எண்ணையும் வெப்பநிலையையும் அளக்கும் உணரிகளை இத்தகைய சில்லில் அமைக்கலாம். கரும்பு விவசாயி இதைக் கவனிக்கக் காரணம் உண்டு.

2025-26 பருவத்தில் 10.25 சதவீத பிழிதிறனுக்கு டன்னுக்கு ரூ.3,550 விலை. அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் ரூ.34.60 கூடுதல். பிழிதிறன் ஆலையின் சராசரிக் கணக்கு. முதிர்ந்த கரும்பு வெட்டப்பட்டால்தான் அது உயரும். முதிர்ச்சியை வயலில் காட்டுவது பிரிக்ஸ் மீட்டர். சாற்றில் சர்க்கரை கூடினால் ஒளிவிலகல் எண் கூடும் என்பதே அதன் அடிப்படை.

இங்கே வெப்பம் குறுக்கிடுகிறது. மீட்டரின் அளவுகோல் 20 டிகிரி செல்சியஸுக்கானது. சாறு 30 டிகிரியில் இருந்தால் அளவு சுமார் 0.8 பிரிக்ஸ் குறைவாகத் தெரியும்.

சில்லில் இந்தச் சிக்கல் பெரிது. தலைமுடியை விட மெல்லிய சிலிக்கான் வளையத்தில் ஒளி சுற்றி வரும். மேலே சாறு பட்டதும் வளையம் ஏற்கும் அலைநீளம் நகரும். வழக்கமான வடிவமைப்பில் ஒரு பிரிக்ஸுக்கு இந்த நகர்வு சுமார் 0.1 நானோமீட்டர். ஆனால், சில்லு ஒரு டிகிரி சூடானாலே 0.07 நானோமீட்டர் வரை அதே திசையில் நகர்ந்துவிடும். அதாவது, ஒன்றரை டிகிரி வெப்பம் ஒரு பிரிக்ஸ் சர்க்கரையைப் போலத் தோன்றும். பச்சைக் கரும்பும் முதிர்ந்ததாகக் காட்டும்!

இதற்குத் தீர்வு இரட்டை வளையம். ஒன்று சாற்றில் படும். மற்றொன்று கண்ணாடிப் படலத்தால் மூடப்பட்டு வெப்பத்தை மட்டும் உணரும். இரண்டையும் ஒப்பிட்டால் சர்க்கரையும் வெப்பமும் தனித்தனியே கிடைக்கும். அந்த வெப்ப அளவைக் கொண்டே சாற்றின் அளவை 20 டிகிரிக்குத் திருத்தலாம்.

ஆனாலும், வயலுக்கு வரத் தடைகள் உள்ளன. சில்லு சிறியது, அதற்கு ஒளி தரும் லேசரும் அலைநீளத்தைப் படிக்கும் கருவியும் விலை கூடியவை. சாற்றின் பிசுக்கும் தூசியும் வளையத்தில் படிந்தால் அளவு மாறும். அதோடு, பிரிக்ஸ் என்பது கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், சர்க்கரை மட்டுமல்ல. எந்தச் சில்லும் இதை மாற்றாது.

எனவே, புதுக் கருவி விற்பனைக்கு வந்தால் விரிவாக்கப் பணியாளர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். வெப்பத்தைத் தனியே அளக்கிறதா? எத்தனை டிகிரி வரை திருத்தம் செல்லும்? சாறு படும் பகுதியைக் கழுவ முடியுமா?

அதுவரை கையிலுள்ள மீட்டரே போதும். காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பூஜ்யம் சரிபாருங்கள். தானியங்கி வெப்பத் திருத்தம் உள்ள மீட்டர்களும் பெரும்பாலும் 30 டிகிரி வரைதான் சரியாகக் காட்டும்; காலை நேரத்தில் நிழலில் அளவெடுங்கள். கரும்பின் அடியிலும் நுனியிலும் அளந்து, இரண்டும் நெருங்கி வந்தால் வெட்டலாம்.