ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது... அப்புறம் எப்படி வந்தது தொற்று? மதுரை காட்டிய கணக்கு!

உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம்னு வச்சுக்குங்க. சிசேரியன் முடிந்து தாயும் குழந்தையும் வீடு திரும்புகிறார்கள். எட்டாம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ், கூடவே காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறது.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு இந்தத் தொற்று வந்ததே தெரியாது. அங்கே ரெஜிஸ்டரில் 'நலமுடன் டிஸ்சார்ஜ்' என்றுதான் இருக்கும். இது கற்பனை உதாரணம்தான். ஆனால் சின்ன மருத்துவமனைகளின் உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மருத்துவமனைத் தொற்று என்றால் என்ன?

சேரும்போது இல்லாத தொற்று, சிகிச்சையின்போது ஒட்டிக்கொள்வது. ஆபரேஷன் காயம், சிறுநீர்க் குழாய், ட்ரிப்ஸ் ஊசி, வென்டிலேட்டர் வழியாக வரலாம். மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர மற்றும் ஏழை நாடுகளில் 15 பேருக்கும் இது வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. பாதிக்கப்படுவோரில் 10-ல் ஒருவர் உயிரிழக்கிறார்.

டேட்டாவால் இதைக் குறைக்க முடியுமா?

முடியும். உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து முகாம்கள் மூலம் ஏராளமானோர் கண்புரை ஆபரேஷனுக்கு வருகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் வரும் எண்டாப்தல்மைடிஸ் என்ற தொற்று, பார்வையையே பறிக்கக்கூடியது.

அரவிந்த் குழும மருத்துவமனைகளில் ஒவ்வொரு ஆபரேஷனும், அதன் பின்விளைவும் பதிவாகிறது. 2014-ல் இருந்து, ஆபரேஷன் முடியும்போது மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள். 2017-ல் வெளியான ஆய்வின் கணக்கு இது:

* மருந்து செலுத்தாத 3,02,815 ஆபரேஷன்களில் 214 பேருக்குத் தொற்று
* மருந்து செலுத்திய 3,14,638 ஆபரேஷன்களில் 64 பேருக்குத் தொற்று

அதாவது 10,000 பேரில் 7 என்பது 2 ஆகக் குறைந்தது. பழைய விகிதமே தொடர்ந்திருந்தால் இன்னும் 150-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்திருக்கும். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய சோதனை இல்லை என்பதால், மொத்தப் பலனும் மருந்தால் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இப்படி ஒரு இறக்கத்தை லேசில் ஒதுக்கவும் முடியாது.

சின்ன மருத்துவமனையில் ஏன் கஷ்டம்?

10,000-க்கு 7 என்ற கணக்கில், வருஷத்துக்கு 500 ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டர் இந்தத் தொற்றை ஏறக்குறைய மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பார். 'ஏதோ கெட்ட நேரம்' என்றுதான் யாருக்கும் தோணும். பல மருத்துவமனைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததால்தான் விஷயம் பிடிபட்டது.

சிசேரியனிலும் இதே கதைதான். மாசம் 40 சிசேரியன் நடக்கும் இடத்தில் ஒருவருக்குத் தொற்று வந்தால் 2.5 சதவீதம். அடுத்த மாசம் இரண்டு பேர் என்றால் 5 சதவீதம். 'தொற்று இரட்டிப்பு!' என்று பதறவும் முடியாது, ஒரு மாசம் பூஜ்யம் வந்தால் நிம்மதியாக உட்காரவும் முடியாது.

அப்போ என்னதான் வழி?

1. டிஸ்சார்ஜோடு கணக்கை மூடக்கூடாது: ஆபரேஷன் முடிந்து 30 நாள் வரை காயத்தில் வரும் தொற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது உலக நடைமுறை. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர்கள் பிரசவமான வீடுகளுக்கு ஏற்கெனவே போகிறார்கள். கர்ப்பிணிகளுக்குப் 'பிக்மி' எண்ணும் இருக்கிறது. செவிலியர் வீட்டில் பார்க்கும் சீழ், ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் ரெஜிஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

2. கணக்கைச் சேர்க்க வேண்டும்: மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று ஒரே மாவட்ட மருத்துவமனைகள் ஒரே விதிமுறையில் எண்ணி, ஒன்றாகப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

3. வேலையையும் அளக்க வேண்டும்: கை கழுவும் திரவம் எவ்வளவு செலவானது, ஆபரேஷனுக்கு முந்தைய ஆன்டிபயாடிக் சரியான நேரத்தில் போடப்பட்டதா, கருவிகள் முறையாகக் கிருமிநீக்கம் ஆனதா? இதையெல்லாம் வாரா வாரம் பார்க்கலாம். தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணினால் மாட்டிக்குவோமா?

இந்தப் பயம்தான் பெரிய தடை. 2008-ல் விழுப்புரம் மாவட்ட முகாம் மூலம் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 66 பேர் பார்வை இழந்தார்கள். வழக்கு சிபிஐ விசாரணை வரை போனது. அப்படிப்பட்ட சம்பவங்களில் பொறுப்பு நிர்ணயிக்கத்தான் வேண்டும். ஆனால் தொற்று ஒன்று என்று நேர்மையாக எழுதிய நர்ஸுக்கு மெமோ கொடுத்தால், அடுத்த மாசம் ரெஜிஸ்டரில் பூஜ்யம்தான் இருக்கும். தொற்று மட்டும் அப்படியே இருக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

டிஸ்சார்ஜ் ஆகும்போது, 'காயம் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ யாரைக் கூப்பிடணும்?' என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் காட்டிச் சரியாகிவிட்டாலும், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அதே தியேட்டரில் நாளைக்கு இன்னொருவர் படுக்கப் போகிறார்.