கடைசலும் கேத்திரகணிதமும்

தயிர் கடைதலையும் மரங் கடைதலையும் தமிழ் ஒரே சொல்லாற் குறிக்கின்றது. இரண்டிற்கும் சுழற்சியே பொது. சுழற்சிக்கோ நடு வேண்டும். நடுத் தவறிய கட்டை கடைசற் பொறியில் அதிரும், உளியை உதறும், கடைபவர் கையையும் காயப்படுத்தும்.

சதுரக் கட்டைக்கு மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியே நடு. உருளைக் கட்டையில் மரத்தின் வளையங்களை நம்பலாகாது. மரம் ஒருபுறம் மிகுந்து வளர்ந்திருக்கலாம். அதன் முகப்பில் சமாந்தரமல்லாத இரு நாண்கள் வரைந்தால், அவற்றின் செங்குத்து இருகூறாக்கிகள் சந்திக்குமிடமே நடு.

இதனைப் பரீட்சைத் தாளில் நிறுவும் மாணவர் பலர், முதிரைக் கட்டையொன்றைக் கையிற் கொடுத்தால் திகைக்கின்றனர். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்று, 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில் ஏட்டறிவும் கையறிவும் பிரிந்து நிற்றல் தகுமோ? கல்லூரிக்கு ஒரு கடைசற் பொறியும், அதனைப் பழக்க ஓர் ஓடாவியாரும் வேண்டும். பழைய மாணவர்கள் சிந்திப்பார்களாக!