தாய் தந்த சொத்து



சென்ற மாதம் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. "அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது நுரையீரல் வரை பரவிவிட்டது. இது தாய்வழியாக வருவதுதானே? எனக்கும் அப்படித்தானே முடியும்? பிறகு எதற்கு டாக்டரிடம் போவது?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி பலர் மனத்தில் இருப்பதால் இங்கேயே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மார்பில் உண்டாகும் கட்டி அங்கேயே இருக்கும்வரை பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அதிலிருந்து பிரியும் அணுக்கள் நுரையீரல், எலும்பு, ஈரல், மூளை என்று போய்க் குடியேறும்போதுதான் ஆபத்து. லாலான் புல்லின் பஞ்சு விதை காற்றில் பறந்து அடுத்த பாத்தியில் முளைப்பது போல. ஆனால் ஒருவருக்குச் சீக்கிரம் பரவுகிறது, மற்றவருக்குப் பரவுவதில்லை. ஏன்?

இங்கேதான் தாயின் பங்கு வருகிறது. நம் உடலின் பெரும்பாலான அணுக்களில் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய உறுப்புகள் உள்ளன. முன்பு தோட்டத்தில் மாலையானால் இஞ்சின் ஓட்டி லயத்துக்கு வெளிச்சம் கொடுப்பார்களே, அதுபோல் அணுவுக்குச் சக்தி தருபவை இவை. இவற்றுக்குச் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அதில் 37 மரபணுக்கள். 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அதன் 16,569 எழுத்துகளையும் படித்து முடித்தார்கள். இந்தச் சொத்து தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது.

2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளின் புற்றணுக்களில் இரண்டு வகையை எடுத்தார்கள். ஒன்று எளிதில் பரவும், மற்றது அதிகம் பரவாது. இரண்டின் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வை மாற்றி வைத்தபோது, அதிகம் பரவாத அணு எளிதில் பரவத் தொடங்கியது! பழுதான இஞ்சின் கரும்புகை கக்குவது போல, மாறுபட்ட மைட்டோகாண்டிரியா ஆக்சிஜன் கழிவுகளை அதிகமாக வெளியிட்டதே காரணம்.

அடுத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, 2015. மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரே மரபணுவைத் தந்தை எலிகள் தந்தன. தாய் எலிகளிடம் மைட்டோகாண்டிரியா மட்டும் வேறு வேறு. பிறந்த பெண் எலிகளில் ஒரு வகைக்குக் கட்டி தாமதமாக வந்தது. நுரையீரலில் குறைவாகவே பரவியது. இன்னொரு வகைக்கு விரைவில் வந்து அதிகமாகப் பரவியது.

"அப்படியானால் நான் பயந்தது சரிதானே" என்கிறீர்களா? இல்லை, சகோதரி. இவை எலிகளில் கண்டவை. ஒரு பெண்ணின் ரத்தத்தைப் பார்த்து, புற்று பரவுமா என்று இதைக்கொண்டு சொல்லும் சோதனை இன்னும் மருத்துவ வழக்கத்தில் இல்லை. மார்பகப் புற்று கண்ட பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்தது. அந்தப் பரம்பரை மரபணுவும் தாயிடமிருந்து மட்டுமல்ல, தந்தையிடமிருந்தும் வரலாம். எனவே அப்பாவின் அக்காள் தங்கைகளுக்கு இந்நோய் இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

இன்னோர் எச்சரிக்கை. "ஆக்சிஜன் கழிவை நீக்கும்" என்று வீடு தேடி வந்து விற்கும் மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். ஜப்பானிய ஆய்வில் அவ்வகை மருந்து எலிகளில் பரவலைக் குறைத்தது உண்மை. ஆனால் 2015இல் சுவீடனில், தோல் புற்றுள்ள எலிகளுக்கு அவ்வகை மருந்து கொடுத்தபோது பரவல் அதிகமானது!

அப்படியென்றால் நம் கையில் இருப்பது என்ன? காலம். 2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மார்பகப் புற்று கண்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரியவந்தது. உங்கள் அம்மாவும் அப்படித்தான் காலம் கடந்து சொன்னார். மைட்டோகாண்டிரியாவை நாம் மாற்ற முடியாது. அந்தத் தாமதத்தை மாற்றலாம்.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தக் கசிவு, இவற்றில் எது கண்டாலும் அந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்; ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. எதுவும் தென்படாவிட்டாலும், அம்மாவுக்கு இருந்ததை டாக்டரிடம் சொல்லி, எப்போது மெமோகிராம் எடுக்கலாம் என்று கேளுங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் அக்காளையோ தோழியையோ கூட்டிச் செல்லுங்கள்.

போய்வந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள், சகோதரி. காத்திருப்பேன்.