வைத்தியத் தொண்டர்களின் வெளிநாட்டு யாத்திரை

சென்ற வாரம் இளம் வைத்தியர் நால்வர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தனர். கீழை ஆப்பிரிக்க நாடொன்றுக்குச் சென்று, பதினைந்து நாள் தங்கி, ஏழைகளுக்கு இலவசமாய்ச் சிகிச்சை செய்துவர உத்தேசித்திருப்பதாகவும், வழிச் செலவுக்கும் மருந்துக்கும் நமது பத்திரிகை வாயிலாக நிதி வேண்டுகோள் வெளியிட வேண்டுமென்றும் கேட்டனர். அவர்களுடைய உற்சாகம் நம்மைப் பெரிதும் மகிழ்வித்தது. ஆயினும் நாம் கேட்ட முதற் கேள்விக்கே அவர்களிடம் விடையில்லை. “உங்களை அழைத்தவர் யார்?” என்பதே அக்கேள்வி.

வக்கீல் புத்தி இப்படித்தான் போகுமென்று நேயர்கள் நகைக்கலாம். துன்பத்தில் உழல்பவனுக்கு உதவி செய்ய அழைப்போலை எதற்கு என்று அந்த இளைஞர்களும் சற்றே கோபத்துடன் வினவினார்கள். அவர்களுக்கு நாம் சொன்ன விடையையே இங்கு விரிவாக எழுதுகிறோம்.

1937-ம் ஆண்டின் இறுதியில், ஜப்பானியப் படையெடுப்பால் அல்லலுற்ற சீனத்திலிருந்து சேனாபதி ஜூ தே, ஜவாஹர்லால் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வைத்தியர்களும் மருந்துகளும் வேண்டுமென்பது அதன் சாரம். மறுவருஷம் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் நிதிக்கு வேண்டுகோள் விடுத்தார். சுமார் 22,000 ரூபாய் திரண்டது. அலகாபாத் அடல், நாகபுரி சோல்கர், ஷோலாப்பூர் கோட்னிஸ், கல்கத்தாவைச் சேர்ந்த பாசு, முகர்ஜி ஆகிய ஐவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். தலைவர் அடல் அதற்கு முன்பே ஸ்பெயின் யுத்தத்தில் சிகிச்சை செய்து பழகியவர். நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஊர்தி ஒன்றும், லாரி ஒன்றும், மருந்துகளும் சேகரித்துக்கொண்டு, 1938 செப்டம்பர் 1-ந் தேதி பம்பாயில் கப்பலேறினர். கடிதம் வந்ததற்கும் கப்பலேறியதற்கும் இடையே ஒன்பது மாதம்! யுத்தம் மூண்டிருந்த காலத்திலேயே ஆயத்தத்துக்கு ஒன்பது மாதம் சென்றதென்றால், யுத்தமோ பூகம்பமோ இல்லாத ஒரு நாட்டுக்கு அடுத்த மாதமே புறப்பட்டாக வேண்டிய அவசரம் யாதென்று நமக்கு விளங்கவில்லை.

அந்த ஐவரிடமும் குறையில்லாமலில்லை. சீன பாஷை அறியாமலேதான் சென்றார்கள். ஆனால் ஓராண்டுத் தொண்டென்று ஒப்புக்கொண்டு போனவர்களாதலால், போன இடத்தில் கற்றுக்கொள்ள அவர்களுக்கு அவகாசமிருந்தது. கோட்னிஸ் அப்பாஷையைப் பேசவும் எழுதவும் பயின்று, அதிலேயே மாணாக்கர்களுக்குப் போதித்து, ஓராண்டு கழிந்தும் திரும்பாமல் 1942 டிசம்பர் 9-ந் தேதி, முப்பத்திரண்டாம் வயதில், அங்கேயே உயிர்நீத்தார். பதினைந்து நாள் தங்குபவனுக்கு அத்தகைய அவகாசம் ஏது? அங்கே கற்க நாளில்லையென்றால் இங்கேயே கற்றுக்கொண்டு போகவேண்டும். தங்கும் நாள் குறையக் குறைய ஆயத்த நாள் கூடவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். நடைமுறையிலோ இது தலைகீழாய் இருக்கிறது.

அழையாமல் வரும் உதவி எத்தகையதென்பதை நம்மவர் அறியாதவரல்லர். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்தபின், நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி மூட்டைகள் எடுப்பாரற்று மழையில் நனைந்து கிடந்தன. அதே பேரலையால் அழிந்த ஆச்சே மாகாணத்துக்கு உலகெங்குமிருந்து வந்திறங்கிய மருந்து சுமார் 4,000 டன். அதில் பெரும்பகுதி அந்நாட்டார் படிக்கவியலாத பாஷையில் பெயரெழுதியது, காலாவதியானதும் உண்டு. பிணங்களை அடக்கம் செய்யவே ஆள் போதாதிருந்த ஊரில், இம்மருந்துகளைப் பிரித்தெடுக்கவும் அழிக்கவும் ஆளும் பணமும் தேடவேண்டியதாயிற்று. இறக்குமதியாகும் நன்கொடை மருந்துக்கு, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுளாவது மிச்சமிருக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் விதித்திருக்கிறது. மருந்து வியாபாரிகளிடம் விற்காமல் தேங்கியதை மூட்டை கட்டிக்கொண்டு போவது தர்மமாகாது.

சட்டத்தையும் கவனிக்கவேண்டும். நமது மாகாண வைத்திய கவுன்ஸிலில் பதிவு பெற்றவர் எல்லை கடந்த மாத்திரத்தில், அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில், வைத்தியரல்லர். அந்நாட்டுக் கவுன்ஸிலின் தற்காலிக அனுமதியின்றிக் கத்தியெடுத்தால் அது குற்றமாகலாம். மார்பின் போன்ற மருந்துகளை இரு சர்க்கார்களின் உத்தரவுமின்றிப் பெட்டியில் வைத்திருப்பவர், தொண்டராய்ப் புறப்பட்டுக் கைதியாய் முடியவும் கூடும்.

தன் உடம்பைக் காத்துக்கொள்வதும் தொண்டின் பகுதியே. மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் மட்டுமே போடுவார்கள். கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. போட்டுக்கொண்ட பத்தாம் நாளிலிருந்துதான் அச்சான்று செல்லும். சான்றில்லாமல் அந்நோயுள்ள நாட்டிலிருந்து திரும்புபவரை ஆறு நாள் வரை நமது சர்க்கார் தனியே வைத்துவிடும். நோயைப் போக்கப் போகிறவர் நோயைக் கொண்டுபோகவும் கூடும். 2010-ல் பூகம்பத்தால் நொறுங்கிய ஹைத்தி தேசத்தில், ஐக்கிய நாடுகளின் சமாதானப் படை முகாமிலிருந்து வெளியேறிய கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவிற்று. மாண்டவர் சுமார் 10,000 பேர். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் தலைவர் இதற்கு மன்னிப்புக் கேட்க ஆறு ஆண்டுகள் ஆயின.

இவை யாவற்றினும் நமக்குப் பெரிதாய்த் தோன்றுவது வேறொன்று. பதினான்காம் நாள் அறுவைச் சிகிச்சை செய்துவிட்டுப் பதினைந்தாம் நாள் விமானமேறுகிறார் வைத்தியர். புண் சீழ் பிடிப்பது அதற்குச் சில நாட்களுக்குப் பின்புதான். அப்போது அந்த நோயாளி யாரிடம் போவான்? இரத்தக் கொதிப்புள்ள கிழவிக்கு முப்பது மாத்திரை கொடுத்தால், முப்பத்தோராம் நாள் அவளுக்கு என்ன கதி? உள்ளூர் ஆஸ்பத்திரியின் வைத்தியரும் தாதியும் முன்னமே இதில் சேர்ந்திருந்தாலன்றி இக்கேள்விக்கு விடையில்லை. நாம் அழைப்பைப் பற்றி முதலில் கேட்டதன் காரணமும் இதுவே. அழைக்கிறவர், வந்தவர் போனபின் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்கிறார்.

இவ்வளவும் பார்த்தால் ஒருவரும் புறப்படமாட்டார் என்றார் நால்வரில் ஒருவர். அவ்வாறு நாம் கருதவில்லை. அந்நாட்டு ஜில்லா ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவர்கள் கடிதம் எழுதட்டும். அங்கே என்ன நோய் மிகுதி, எந்த மருந்து குறைவு, எந்த மாதம் வரலாம், கற்றுக்கொள்ள விரும்புவோர் எத்தனை பேர் என்று கேட்கட்டும். எங்களுக்கு வைத்தியர் வேண்டாம், பழுதான கருவிகளைச் செப்பனிடத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள் என்று பதில் வந்தாலும் வரலாம். அப்படியானால் அவரைத் தேடி அனுப்பட்டும். பதில் எதுவாயினும், அதை எடுத்துக்கொண்டு அந்நால்வரும் மீண்டும் நமது காரியாலயத்துக்கு வருவார்களானால், அவர்களுடைய நிதி வேண்டுகோளை முதற் பக்கத்திலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.