வெள்ளம் வடிந்த பிறகு...

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வாலாஜாபாத் பக்கத்துப் பெண்களுக்கு இரண்டு கவலை. ஒன்று தீபாவளிச் செலவு, மற்றொன்று மழை. முதல் கவலைக்கு மூன்று மாதம் முன்பிருந்தே சீட்டுக் கட்டித் தயாராகிறோம். இரண்டாவதற்கு? "மழைதானே, வந்தால் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுகிறோம்.

அதற்கும் காரணம் இருக்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் பாலாற்றில் தண்ணீரையே பார்க்க முடியாது. வெறும் மணலும் முட்புதரும்தான். அந்த ஆற்றைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ஆனால் 2021 நவம்பர் 19-ஆம் தேதி என்ன ஆயிற்று? வாலாஜாபேட்டை பக்கத்து அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலே தண்ணீர் வந்தது. (வாலாஜாபேட்டை வேறு, எங்கள் வாலாஜாபாத் வேறு. கடிதம் எழுதுகிற உறவினர்கள்கூட இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்!) அந்தத் தண்ணீர் அப்படியே எங்கள் ஊருக்கு வந்தது. அவளூருக்குப் போகிற தரைப்பாலம் முழுகி, சேதமாகி, அக்கரை ஜனங்கள் சுற்றிக்கொண்டு வரும்படி ஆயிற்று. 1903-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் வந்ததில்லை என்றார்கள். அந்த 1903 வெள்ளத்தில் மாண்டவர்களுக்காக எழுப்பிய நினைவுத் தூண் வாணியம்பாடியில் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, வறண்ட ஆறு என்று நம்பி இருக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன். வெள்ளம் வருகிற அன்று ஊரே விழித்துக்கொண்டிருக்கும். தண்டோரா, போலீஸ், தாசில்தார் எல்லோரும் வருவார்கள். தண்ணீர் வடிந்த மறுநாள் யாரும் வரமாட்டார்கள். அந்த மறுநாளில் இருந்து பத்து நாள்தான் குழந்தைக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் ஆபத்தான காலம். அந்தப் பத்து நாள் முழுக்க முழுக்க வீட்டுப் பெண்களின் கையில் இருக்கிறது.

அய்யம்பேட்டையில் குழித்தறி போட்டிருக்கும் சிநேகிதி ஒருத்தி எனக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை எல்லாம் நெசவாளர் ஊர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு வீடும் தொழிற்சாலையும் ஒன்றே. கூடத்தில் தறி, தறிக்குக் கீழே குழி, அதற்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதித்துக்கொண்டு நெய்ய வேண்டும்.

"ஆறு உள்ளே வரணும்னே இல்லக்கா. நாலு நாள் விடாம பேஞ்சா போதும், குழியிலே ஊத்தெடுக்கும். பாவு நமுத்துப்போகும். அப்புறம் நெய்யறது எங்கே? மழை நின்னாலும் ஒரு வாரம் கூலி கிடையாது" என்பாள்.

பாவும் பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் முதலாளி கொடுத்தவை. நனைந்தால் நஷ்டம் மட்டுமில்லை, கடனும் தலையில் ஏறும். அதனால் அவள் புரட்டாசி முடிவதற்குள்ளேயே சில காரியம் செய்துவிடுவாள். குழியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிவிட்டாள். ஊற்றுத் தண்ணீரை இது நிறுத்தாது. வாசல் வழியாக வருகிற தண்ணீரை நிறுத்தும். நெய்து முடித்த சேலை, ஜரிகைக் கட்டை, பட்டு நூல் எல்லாம் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணுக்குப் போய்விடும். தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியின் அட்டைகளை ஒரு பழைய ரெயின்கோட்டால் மூடி வைப்பாள். மாமியார் முதலில் சிரித்தாராம். இப்போது அவரே எடுத்துக் கொடுக்கிறாராம்.

உங்கள் வீட்டில் தறி இல்லாமல் இருக்கலாம். தையல் மிஷின் இருக்கும். மாவு அரைக்கிற கிரைண்டர் இருக்கும். வாசல் அறையில் சின்ன மளிகைக் கடை இருக்கும். சம்பாதித்துக் கொடுக்கிற பொருள் எதுவோ அதற்கு வீட்டிலேயே உயரமான இடம் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு இடம் தேடினால் பரண் முழுக்கப் பழைய தகர டப்பாவும் உடைந்த தொட்டிலும்தான் இருக்கும்!

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் எங்களுக்குப் பக்கத்தில்தான். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 950 வருஷத்துக்கு முந்தியது. அந்தக் கோயிலைச் சேர்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கை, வைத்தியர், ரண சிகிச்சை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளைப் பெயர் பெயராகப் பொறித்து வைத்திருப்பதுதான். மூன்று ஆறு கூடுகிற இடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மருந்து தேவைப்படும்போது போய் வாங்க முடியாது என்று!

நமக்கு அவ்வளவு வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆறு, துத்தநாக மாத்திரை (சிங்க் என்று கேளுங்கள், இரண்டையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்), குளோரின் மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி, பெரியவர்கள் தினமும் சாப்பிடுகிற சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வாரத்துக்கு. இவற்றோடு குழந்தையின் தடுப்பூசி அட்டையும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். நாள் நெருங்கிய கர்ப்பிணி வீட்டில் இருந்தால், புயல் அறிவிப்பு வந்ததும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்குச் சமீபமாக இருக்கிற உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். "இன்னும் பத்து நாள் இருக்கே" என்று கணக்குப் போடாதீர்கள். குழந்தைக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

உப்பு சர்க்கரைக் கரைசலைச் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு கதை. கதை இல்லை, நடந்தது. 1971-இல் வங்கதேசப் போர் சமயத்தில் லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். போன்காவ் என்கிற எல்லை ஊர் முகாமில் காலரா. நரம்பு வழியாக ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது. நூற்றுக்கு முப்பது பேர் சாகிற நிலைமை. திலீப் மஹாலனாபிஸ் என்ற டாக்டர், உப்பையும் குளுகோஸையும் சோடா உப்பையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். டாக்டரும் நர்சும் போதாது. எனவே நோயாளியின் தாயாரையும் அக்கா தங்கைகளையும் கூப்பிட்டு, "நீங்களே குடிக்கக் கொடுத்துக்கொண்டிருங்கள்" என்றார். சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அன்றைக்கு உயிர் காத்தது அந்தப் பெண்கள் கையில் இருந்த டம்ளர்தான் என்று நான் சொல்வேன். அந்த டாக்டர் 2022-இல் காலமானார். மறு வருஷம் அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது.

பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனைதான் விட வேண்டும். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கண்ணளவு வேண்டவே வேண்டாம். கூடினால் குழந்தைக்குக் கெடுதல். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றாலே போன பிறகும் கால் டம்ளரில் இருந்து அரை டம்ளர் வரை, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாக. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு துத்தநாக மாத்திரை 14 நாள். நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தக்கூடாது. அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் அளவு குறைவு. டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வெள்ளச் சமயத்தில் யாராவது பால் பவுடர் டப்பா கொண்டுவந்து கொடுப்பார்கள், நல்ல மனசுதான். ஆனால் சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைத்த பாட்டிலும் இல்லாத இடத்தில் அந்த டப்பா நோயைத்தான் கொண்டுவரும். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெள்ளம் புகுந்த கிணறு, அடிபம்பு எதுவானாலும் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். நம்பாதீர்கள். பஞ்சாயத்தில் சொல்லிக் குளோரின் போடச் சொல்லுங்கள். அதுவரை தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் அடுப்பில் விட்டு இறக்கிய தண்ணீரைத்தான் எல்லோரும் குடிக்க வேண்டும்.

இனி, வீட்டுக்குள் நுழைவது. அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்லக் காரணம் இருக்கிறது. பாலாற்றில் வெள்ளம் வந்த அதே 2021 நவம்பர் 19 விடியற்காலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நாலு பேர் குழந்தைகள். மண் சுவரானாலும் பழைய செங்கல் சுவரானாலும், மழை நின்ற பிறகும் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். சுவரில் புது விரிசலோ உப்பலோ தெரிந்தால் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். சுவர் ஓரமாகக் குழந்தையைப் போடவே வேண்டாம்.

தண்ணீர் வாசலைத் தொடுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைத்திருப்பீர்கள். வயர்மேன் பார்த்துச் சொல்லாமல் அதைப் போடக்கூடாது. கேஸ் சிலிண்டர் மிதக்கும். முன்கூட்டியே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியை மாட்டி, ஜன்னல் கம்பியில் கட்டி வையுங்கள்.

அரிசி மூட்டைக்குப் பின்னால், விறகுக்கு அடியில், தறிக்குழிக்குள் பாம்பு ஒதுங்கியிருக்கும். கையை விடாமல் நீளக் கழியால் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே போடுகிற ஊசி மருந்தைத் தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார்!

சேறு காய்வதற்குள் வழித்துக் கொட்டிவிட வேண்டும், காய்ந்தால் கல். காலில் செருப்பில்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் சின்ன வெடிப்பு வழியாக நுழைந்தாலே எலிக்காய்ச்சல் வரும். வெள்ளம் வடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் கடுமையான காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் டாக்டரிடம் "சேற்றில் இறங்கினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவலாம். கூடவே பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றினால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் கிளம்புவது விஷ வாயு. மூடிய அறையில் ஆளையே வீழ்த்திவிடும்.

பெருக்கிக் கழுவுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. செல்போனில் படம் எடுங்கள். தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரிகிற மாதிரி, நனைந்த மூட்டை, தறி, மிஷின் எல்லாவற்றையும். நமக்குச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மறு வேலை. அது நல்ல பழக்கம்தான், ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் கண்ணுக்கு எதுவும் மிஞ்சாது! 2015 வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீட்டுக்கு 5,000 ரூபாய் அரசு கொடுத்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் 6,000 ரூபாய். ரேஷன் கார்டு, பாங்கி புத்தகம், ஆதார், பட்டா இவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு நகல் வேறு ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருந்தால் நல்லது.

கடைக்கும் தறிக்கும் காப்பீடு செய்வது நம் வழக்கத்தில் இல்லை. 2021 ஏப்ரலில் இருந்து சிறு தொழிலுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', வீட்டுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசிகள் வந்திருக்கின்றன. இரண்டும் வெள்ளச் சேதத்துக்கும் சேர்த்துத்தான். முதலாளி கொடுத்த நூலும் ஜரிகையும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்றால் அதையும் சேர்க்க முடியுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

நனைந்த பட்டைச் சுள்ளென்ற வெயிலில் போடாமல் நிழலில், காற்றோட்டமாக, ஒன்றோடொன்று படாமல் விரிக்க வேண்டும். சாயம் கசிந்து அடுத்த சேலையில் ஏறிவிடும். ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிய்க்காதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவிட்டால் தானே பிரியும். தறிக்குழியில் தண்ணீரை இறைத்த பிறகு என் சிநேகிதி உடனே பாவைப் பூட்டமாட்டாள். ஒரு செய்தித்தாளைக் குழியின் அடியில் விரித்துவிட்டு, மறுநாள் காலையில் எடுத்துப் பார்ப்பாள். தாள் மொடமொடவென்று இருந்தால்தான் தறியில் உட்காருவாள். நமுத்திருந்தால் இன்னும் ஒரு நாள்.