முனையச் சாளரத்தில் தமிழெழுத்தின் அளவு

அச்சுத்தொழிலால் பெயர்பெற்ற சிவகாசியின் பெயரே கணினித்தமிழின் ஒரு சிக்கலைப் புலப்படுத்தும். அதில் எழுத்துகள் 4. ஒருங்குறியில் குறியீடுகள் 7. யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் 21. லினக்ஸ் கணினியில் சி நிரல்மொழியின் ‘அகலெழுத்து’ வகை குறியீட்டையே அலகாகக் கொள்கிறது. முனையச் சாளரமும் குறியீட்டை நோக்கியே கட்டங்களை ஒதுக்குகிறது. ‘கொ’ என்பதில் ஒற்றைக் குறியீடாகிய ஒகரக்குறி ககரத்தின் இருபுறமும் வரையப்படுவதால் கணக்குப் பிறழ்ந்து, அட்டவணை கோணுகிறது.

2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியுடன் ஏற்ற டேஸ்16 உயிர்மெய்க்குத் தனிக்குறியீடு அளித்தது. எனினும் ஒருங்குறியே பரவலாக நிலைபெற்றது. ஆதலின் குறியீட்டை மாற்றுவதினும் எண்ணும் முறையைத் திருத்துவதே தக்கது. எழுத்து எது என வரையறுப்பது இலக்கணத்தின் பணி. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் உரிய கட்ட அளவைத் தமிழ்த்துறைகளே வகுத்து நிரலாளர்க்கு வழங்குதல் வேண்டும்.